நூறைத் தாண்டியவர்கள்

அத்தியாயம் 14

1998 ஆகஸ்ட் 18, செவ்வாய்க்கிழமை மாலை, ஜார்ஜ் டவுன், டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இயங்கிவந்த தரும டயாலிசிஸ் நிலையத்தில் புதிதாகப் போட்ட ஒன்பதாம் நாற்காலி, அட்டை எண் 17 கொண்ட நோயாளிக்கு ஒதுக்கப்பட்டது.

அட்டை எண் 17, அப்புத்துரை. துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர், இரண்டு பெண்களுக்குத் தகப்பன். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட பிறகு, பெரிய ஆஸ்பத்திரியில் இயந்திரம் காலியானால் கூப்பிடுவார்கள் என்று தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு வாழ்ந்தவர். வாரத்துக்கு மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியவருக்குச் சில வாரங்களில் ஒரு முறைதான் கிடைத்தது. ஜூலை மாதத்தில் நுரையீரலில் நீர் கோத்து, வீட்டு வாசலுக்கும் இரும்புக் கேட்டுக்கும் நடுவே அவர் மூச்சுக்குத் தவித்து விழுந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதனால்தான் செவ்வாய் இரவு அந்த வீட்டில் பாயசம் வைத்தார்கள். இனி செவ்வாய், வியாழன், சனி. இனி யாருடைய அழைப்புக்காகவும் காத்திருக்க வேண்டாம். முதல் நாள் இந்தச் சனிக்கிழமை, காலை ஏழு மணி.

நாற்காலி யாருக்கு என்று முடிவு செய்ய அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நிலையத்தின் கமிட்டி நோயாளியின் பெயரைப் பார்க்காது. பெயரைப் பார்த்தால் இனம் தெரியும், ஊர் தெரியும், யாருக்கு யார் சொந்தம் என்று தெரியும். முன்பு அப்படிப் பார்த்துத்தான் ஒரு கூட்டத்தில் நாற்காலிகள் பறந்தன. அதன் பிறகு நோயின் கடுமை, காத்திருந்த காலம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, கூட்டி, மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, அட்டை எண்ணை மட்டும் உரக்க வாசிப்பார்கள். முதலில் வாசிக்கப்படும் எண்ணுக்கு நாற்காலி. ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

அந்த வரிசையைப் போட்டுக் காட்டும் பக்கத்தை நிலையத்துக் கணினியில் இலவசமாகச் செய்து கொடுத்தவள் அப்புத்துரையின் இளைய மகள் நவமணி.

"எங்க அப்பாவும் லிஸ்ட்ல இருக்காரு, ரஹீம் அண்ணே. வேற யாரையாச்சும் செய்யச் சொல்லுங்க," என்று அவள் அப்போதே சொன்னாள்.

நிலையத்தின் நிர்வாகி அப்துல் ரஹீம் சிரித்தார். "நீயா தங்கச்சி வரிசை போடப்போற? மெஷின்தானே போடப்போவுது."

வெள்ளிக்கிழமை காலை, ஜாலான் பர்மாவில் அவள் வேலை செய்யும் சின்னக் கணினி நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது.

"நவமணி, உன் கம்ப்யூட்டருக்குப் பச்சை வீட்டு மேல என்ன கோபம்லா?" பள்ளிக்கூடத்து மீனாட்சி டீச்சர். விளையாட்டுப் போட்டிக்காக நான்கு இல்லங்களின் புள்ளிகளைக் காட்டும் பக்கம் ஒன்றை அந்தப் பள்ளிக்கும் நவமணிதான் செய்திருந்தாள்.

"ஏன் டீச்சர்?"

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு ரிலே ஓட்டத்துல பச்சை ஜெயிச்சு நூத்திநாலு ஆயிட்டாங்க. போட்டா, கடைசி இடத்துல போய் உக்காந்துக்குது! தொண்ணூத்தேழு வச்சிருக்க நீலம் முதல் இடம். நீல வீட்டுப் பசங்க இப்பவே கப்பைக் கேக்குறானுங்க."

பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. நவமணியும் சிரித்துக்கொண்டேதான் கோப்பைத் திறந்தாள்.

அலுவலகத்தில் அதற்கு 'மணி ஃபைல்' என்று பெயர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜாவாஸ்கிரிப்ட் என்பதை நிறுவனத்தில் ஒருவருக்கும் சரியாக உச்சரிக்கக்கூடத் தெரியாத நாட்களில், அவள் எழுதிவைத்த சின்னக் கருவிப்பெட்டி. எண்களின் பட்டியலைக் கொடுத்தால் கூட்டித் தரும், சராசரி சொல்லும், தசமத்தைச் சுருக்கும், பெரியதைக் கண்டுபிடிக்கும், இறங்குமுகமாக அடுக்கும். யாருக்கு எந்தப் பக்கம் செய்தாலும் அந்தக் கோப்பையும் சேர்த்து டிஸ்கில் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு தடவைகூட அதைப் பற்றிப் புகார் வந்ததில்லை.

அடுக்கும் இடத்தைப் பார்த்தாள். ஒரே வரி. மொழியிலேயே இருக்கும் அடுக்கும் கட்டளையைக் கூப்பிட்டு, பிறகு தலைகீழாக்கியிருந்தாள். எப்படி ஒப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

சொல்லிக் கொடுக்காவிட்டால் அந்தக் கட்டளை எண்ணை எண்ணாகப் பார்க்காது. அகராதியில் சொற்களை அடுக்குவது போல, முதல் இலக்கத்தை வைத்து அடுக்கும். ஒன்பதில் தொடங்குவது பெரிது, ஒன்றில் தொடங்குவது சிறிது. எல்லாம் இரண்டு இலக்கமாக இருக்கும்வரை விடை சரியாகவே வரும். நூறைத் தாண்டியது எதுவோ, அது அடியில் போய் விழும்.

"டீச்சர், நான் சொல்லச் சொல்ல ஒரு வரியை மட்டும் மாத்துங்க," என்றாள். தொலைபேசியிலேயே எழுத்து எழுத்தாகச் சொல்லி மாற்ற வைத்தாள்.

"ஆ, மேல வந்துட்டாங்க! பச்சை முதல் இடம். டெரிமா காசி, ரொம்ப நன்றி நவமணி," என்று டீச்சர் வைத்துவிட்டார்.

நவமணி ரிசீவரை வைக்கவில்லை. தொண்ணூற்றேழு. அப்பாவின் புள்ளியும் தொண்ணூற்றேழுதான்.

போன மாதம்வரை நிலையத்தில் யாருக்கும் நூறு வந்ததில்லை. வர வழியே இல்லை. ஜூலையில்தான் கமிட்டி புள்ளி போட இரண்டு புதிய அம்சங்களைச் சேர்த்தது. தொலைவிலிருந்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம் புள்ளி, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் புள்ளி. அந்த இரண்டு கட்டங்களைப் பக்கத்தில் சேர்த்துக் கொடுத்ததும் அவள்தான். கட்டம் சேர்த்தாள், கூட்டல் சரியா என்று பார்த்தாள். அடுக்குவதை யார் பார்ப்பார்கள்?

மேசை இழுப்பறையில் நிலையத்துப் பக்கத்தின் நகல், கமிட்டி போட்ட புள்ளிகளோடு, ஒரு டிஸ்கில் இருந்தது. போட்டாள். 17 முதலில் நின்றது. அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு மறுபடி திறந்தாள்.

முதலில் 31, நூற்று நான்கு புள்ளி. அடுத்து 8. அடுத்து 22. அதற்கும் பிறகுதான் 17.

அடுத்த நாற்காலியாவது அப்பாவுக்குத்தான் என்று சொல்ல முடிந்திருந்தால் அவளுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அதுவும் இல்லை. நிலையத்தில் ஒரு நாற்காலி காலியாவது எப்போது என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்திருப்பவர் இறந்தால் காலியாகும்.

தலைவலி என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அக்கா புஷ்பராணி சமையலறையில் மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நிரந்தரமாக இரவு ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருப்பவள். பகலில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டுமே என்று. அவள் கண்ணுக்குக் கீழே எப்போதும் கருப்பாகவே இருக்கும்.

"என்ன பகல்லயே? ஆபீசை மூடிட்டாங்களா? இந்தக் காலத்துல எதுவும் நடக்கும்லா."

நவமணி பின்கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். புஷ்பராணி மஞ்சள் கையோடு கேட்டு முடித்தாள்.

"உன்னை யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல அக்கா."

"நிலையத்துல யாருக்காச்சும் சந்தேகம் வந்துச்சா?"

"இல்ல."

"அப்ப நீயா போய்த் தோண்டிப் பார்த்திருக்க."

"டீச்சர் போன் பண்ணாங்க. பள்ளிக்கூடத்துல—"

"பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தை என்கிட்ட பேசாத." குரலை இறக்கினாள். கூடத்தில் அப்பா இருந்தார். "நீ ஏமாத்துனியா? இல்ல. அப்பா ஏமாத்துனாரா? கமிட்டி ஏமாத்துச்சா? ஒருத்தரும் இல்ல. அப்புறம் யாருகிட்ட போய் என்னான்னு சொல்லப்போற?"

"முப்பத்தொண்ணுன்னு ஒருத்தங்க இருக்காங்க அக்கா. அவங்களுக்கும் மூச்சு விடணும்."

"அவங்க மூச்சு எனக்குத் தெரியாது. அப்பாவோடது தெரியும். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படுத்தா, அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். ஒரு நிமிஷம் கேக்கலைன்னா எந்திரிச்சு ஓடுவேன். அப்ப நீ ஆபீசுல கம்ப்யூட்டர் தட்டிக்கிட்டு இருப்ப."

அது உண்மை.

"நாளைக்கு ஒரு நாள் அவரு அந்த நாற்காலியில உக்காரட்டும்," என்றாள் புஷ்பராணி. இப்போது குரல் கெஞ்சியது. "ஒரே ஒரு தடவை. அப்புறம் சொல்லிக்கலாம்."

"உக்காந்த பிறகு எழுப்ப முடியுமா அக்கா?"

"அதுக்குத்தாண்டி சொல்றேன்!"

கூடத்துக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்புத்துரை நின்றிருந்தார். வீங்கிய பாதங்களில் செருப்புப் போட முடியாமல் வெறுங்காலோடு வந்ததால் சத்தமே கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தைக் கண்ணால் பார்க்காமல் தைப்பிங்கில் பிறந்தவர்தான். பேச்சில் மட்டும் தாய் தகப்பனின் ஊர் போகவில்லை.

"முப்பத்தொண்டு எண்டால் அது குணவதி," என்றார்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"பாலிக் புலாவிலயிருந்து பஸ் பிடிச்சு வாற பெட்டை. ரெண்டு சின்னப் பிள்ளையள். பெரிய ஆஸ்பத்திரியில காத்திருக்கிற ஆக்கள் இருக்கிற வாங்கில எனக்குப் பக்கத்திலதான் இருப்பாள். தனக்கு நூற்றி நாலு போட்டிருக்கு எண்டு அவளே என்னட்டச் சொன்னவள்."

"எப்ப சொன்னாங்க அப்பா?"

"போன மாசம்."

நவமணி அவரையே பார்த்தாள். "அப்ப செவ்வாய்க்கிழமை ரஹீம் அண்ணன் போன் பண்ணினப்பவே..."

"தெரியும். நூற்றி நாலு பெரிசோ தொண்ணூற்றி ஏழு பெரிசோ எண்டு தெரியாமலோ அவ்வளவு காலம் ஆபீசில இருந்தனான்? எங்கேயோ பிழை எண்டு அப்பவே விளங்கிட்டுது."

"ஏன் அப்பா சொல்லல?"

அப்புத்துரை மூச்சு வாங்கிக்கொண்டார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் அவருக்கு இப்போது இடைவெளி தேவைப்பட்டது.

"ஏனெண்டால் எனக்கு அது வேணும், பிள்ளை."

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. புஷ்பராணி கையை நீட்டி நெருப்பை அணைத்தாள்.

"நீ சொல்லப் போறாய். உன்ர முகத்தில தெரியுது," என்றார் அவர். "போறதெண்டால் இப்பவே போ. இன்னும் கொஞ்சம் நிண்டாய் எண்டால், நான் உன்ர காலைப் பிடிச்சுப் போடுவன். அதை உன்ர அக்கா பாக்கக் கூடாது."

மேசைமேல் இருந்த மோட்டார் சாவியை நவமணி எடுக்கும் முன் புஷ்பராணி எடுத்துக்கொண்டாள். மஞ்சள் கறையோடு அதைக் கைக்குள் மூடினாள்.

"போறதுன்னா நடந்து போ."

நடந்தே போனாள். வெயிலில் தார் மணத்தது. பள்ளிவாசலுக்குப் போகிற வாகனங்கள் சாலையோரம் இரண்டு வரிசையாக நின்றன.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போன ரஹீம் திரும்பவில்லை என்று நர்ஸ் சொன்னாள். கண்ணாடிக்கு அப்பால் எட்டு நாற்காலிகளில் எட்டுப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள். ஒன்பதாவது புதிது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

ரஹீமின் அறையில் கணினி திறந்தபடியே இருந்தது. நவமணி அதன் முன்னால் உட்கார்ந்தாள். பையில் டிஸ்க் இருந்தது. யோசித்துச் செய்தாளா, கை பழக்கத்தில் செய்ததா என்று பிறகு அவளாலேயே சொல்ல முடியவில்லை. திருத்திய கோப்பைப் பழையதன் மேலேயே ஏற்றினாள். பக்கத்தை மறுபடி திறந்தாள். 31 முதலில் வந்தது.

இனி நூறைத் தாண்டிய யாரும் கீழே விழமாட்டார்கள். அடுத்த கூட்டத்தில் 31-ஐத்தான் முதலில் வாசிப்பார்கள். செவ்வாய்க்கிழமை முடிவு செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது. இப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். அக்கா சாவியைத் திருப்பித் தருவாள். நாளைக் காலை ஏழு மணிக்கு அப்பா உட்காருவார்.

எழுந்தும்விட்டாள்.

"அட, தங்கச்சி!" ரஹீம் தொப்பியைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்தார். அத்தர் மணம் அவருக்கு முன்னால் வந்தது. "நாளைக்கு அப்பாவுக்கு ஒரு கம்பளி எடுத்துட்டு வந்துடு. ஏர்கான் காத்து முதல் நாளு தாங்காது. உங்க வீட்டுப் பாயசம் மட்டும் எனக்கு வரலை, ஞாபகம் வச்சுக்க."

நவமணி மறுபடி உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொல்ல அவளால் முடியவில்லை.

ரஹீமிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவள் முடித்ததும் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான்தானே வாசிச்சேன். என் வாயால. பதினேழுன்னு."

"உங்க தப்பு இல்ல அண்ணே. நான் எழுதுனது."

"அந்தப் புள்ள போன வாரம் இங்க வந்து நின்னுச்சு. ஏதாச்சும் ஆவுமா அண்ணேன்னு கேட்டுச்சு. வரிசைப்படிதான் ஆவும்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன்." நெற்றியைத் தேய்த்தார். "யா அல்லா."

கமிட்டித் தலைவரான டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தார். நவமணிக்கு ரஹீம் பேசுவது மட்டும்தான் கேட்டது. ஆமாம் டாக்டர், கம்ப்யூட்டர்ல பிழை. ஆமாம், மூணு பேரு. இல்ல, நோயாளிகள் யாரும் கேக்கலை, செஞ்சவங்களே வந்து சொன்னாங்க. பிறகு டாக்டர் சொல்வதைக் கேட்டார். ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"பதினேழு யாருன்னு கேக்குறாரு."

"சொல்லுங்க அண்ணே."

"சொன்னா அவரு என்ன நினைப்பாருன்னு உனக்குப் புரியுதா?"

"புரியுது."

ரஹீம் கையை எடுத்தார். "அந்தப் பேஜ் செஞ்ச பொண்ணோட அப்பா, டாக்டர்."

அந்தப் பக்கத்துக் குரல் இப்போது அறையின் மறுமூலைக்கே கேட்டது. ரஹீம் "எனக்குத் தெரியும் டாக்டர், முன்னாடியே சொல்லுச்சு, நான்தான் பரவாயில்லைன்னேன்" என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அது எடுபடவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நாற்காலி முப்பத்தொண்ணுக்கு. அதுல பேச்சு இல்லை. ஆனா திங்கக்கிழமை கமிட்டி கூடுது. பிழையா, இல்ல வேணும்னே அப்பாவுக்காகச் செஞ்சு, இப்ப பயந்து வந்து சொல்றியான்னு விசாரிக்கணுமாம். பழைய ஃபைலை வேற ஆள வச்சுப் பார்க்கணும்னாரு. எங்க இருக்கு அது?"

நவமணி கணினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேலேயே எழுதிட்டேன்."

"எப்ப?"

"இப்ப. நீங்க வர்றதுக்கு முன்னாடி."

"உன்கிட்ட இருக்குற டிஸ்க்?"

"அதையும் திருத்திட்டேன்." பள்ளிக்கூடத்துக் கணினியிலும் இருந்தது. அதைக் காலையில் அவளே வாயால் சொல்லி மாற்ற வைத்திருந்தாள். மற்ற இடங்களில் உள்ள நகல்கள், இந்தக் கணினியில் இருந்தது எது என்று சொல்லாது.

ரஹீம் எழுந்து கதவைச் சாத்தினார். கோபத்தில் சாத்தவில்லை, நர்ஸ் காதில் விழக் கூடாது என்றுதான்.

"தங்கச்சி, நான் உன்னை நம்புறேன். ஆனா நான் வர்றப்ப நீ இந்த மெஷின் முன்னாலதான் நின்ன. திங்கக்கிழமை அவரு கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம் அண்ணே."

"ஏம்மா அதுல கை வச்ச?"

அவளிடம் இருந்த விடை அவளுக்கே பிடிக்கவில்லை. இருந்தாலும் சொன்னாள். "திருத்திட்டு, சொல்லாமலே போயிடலாம்னு ஒரு நிமிஷம் நினைச்சேன்."

ரஹீம் மறுபடி தொலைபேசியை எடுத்தார். குணவதி வீட்டில் தொலைபேசி கிடையாது. பாலிக் புலாவில் அவள் வீட்டருகே உள்ள மளிகைக் கடைக்கு அழைத்து, ஆளைக் கூட்டிவரச் சொல்லிக் காத்திருந்தார். கடைக்காரர் ஓடுவதும், நாய் குரைப்பதும், பிறகு ஒரு பெண் மூச்சிரைக்க வந்து "ஹலோ" என்பதும் நவமணிக்கே கேட்டன. ரஹீம் செய்தியைச் சொன்னார்.

பிறகு குணவதி கேட்டதை ரஹீம் அப்படியே திருப்பிச் சொன்னார்: "யாராச்சும் செத்துட்டாங்களான்னு கேக்குது."

நவமணி வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கும் நடந்தே திரும்பினாள். புஷ்பராணி ஷிஃப்டுக்குப் போக உடுத்தியிருந்தாள். தங்கை செருப்பைக் கழற்றிய விதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, தொழிற்சாலை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். அப்புத்துரை தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பியிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு தலையணைகளை முதுகுக்கு வைத்துக்கொண்டார்.

"ஆர் அடுத்தது? நானோ?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல அப்பா. இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க."

"ஓம்," என்றார் அவர்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒன்பதாம் நாற்காலியில் குணவதி உட்கார்ந்தாள். நவமணி திங்கட்கிழமை கமிட்டி முன் ஆஜராக வேண்டும் என்று ரஹீம் தொலைபேசியில் தெரிவித்தார். ஒன்பது மணிக்கு நவமணி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி செய்தாள். இயந்திரம் எதுவும் காலி இல்லை, பிற்பகல் மறுபடி கேட்கவும் என்றார்கள். பிற்பகல் கேட்டாள். இல்லை என்றார்கள்.